அம்மாவின் பென்சன் கிரெடிட் கணக்கை அரசாங்கம் பார்க்குமா?

கேள்வி கேட்ட சகோதரிக்கு,

நீங்கள் எழுதியது இது. லண்டன் ஹரோவில் உங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 74 வயது, வருமானம் குறைந்த ஓய்வூதியக்காரருக்கு அரசாங்கம் கொடுக்கும் பென்சன் கிரெடிட் எடுக்கிறார். "இனி பென்சன்காரர் எல்லாருடைய வங்கிக் கணக்கையும் அரசாங்கம் பார்க்கப் போகுது, 16,000 பவுண்டுக்கு மேலே இருந்தால் எல்லாக் காசும் நிற்கும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்த நாளிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. கணக்கில் 17,000 பவுண்ட் இருக்கிறது. அதில் 6,000 உங்கள் தம்பி சீட்டு எடுத்து அம்மாவிடம் போட்டு வைத்தது. முழுவதையும் உங்கள் கணக்குக்கு மாற்றலாமா, அல்லது எடுத்து வீட்டில் வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அரசாங்கத்துக்கு அம்மாவின் காசு பற்றி எவ்வளவு தெரிய வரும் என்பது ஒன்று. தெரிய வந்தால் அவருக்கு என்ன நடக்கும் என்பது மற்றது. அம்மாவின் நித்திரையைக் கெடுப்பது இரண்டாவது கேள்வி என்றுதான் நினைக்கிறேன்.

காசை அசைக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் பாதி வாசித்ததும் வங்கிக்குப் போய்விடுவார்கள். மேற்கு லண்டனில் ஒரு சமூக நிலையத்தில் 22 வருடங்களாகக் கொடுப்பனவு விஷயங்களில் ஆட்களுக்கு உதவி வருகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. உங்கள் அம்மாவின் கடிதங்களைப் பார்க்கவும் இல்லை. ஆகவே அவருக்கு இத்தனை பவுண்ட் குறையும் என்று அறுதியாகச் சொல்ல மாட்டேன். சட்டம் எதற்கு அனுமதி தருகிறது, எதற்குத் தரவில்லை, எங்கள் ஆட்கள் எந்த இடத்தில் வழுக்கி விழுகிறார்கள் என்பதைச் சொல்லலாம்.

அந்தக் குரல்பதிவு முழுப் பொய் இல்லை. இரண்டு சட்டமூலங்களையும் இரண்டு கொடுப்பனவுகளையும் ஒன்றாகக் குழைத்ததால் வந்த குழப்பம் அது. முன்பிருந்த கொன்சர்வேட்டிவ் அரசாங்கம் கொண்டுவந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமூலம் ஒன்றில், வங்கிகளிடம் தகவல் கேட்கும் அதிகாரம் அரச ஓய்வூதியத்தையும் சேர்த்தே எழுதப்பட்டிருந்தது. அது அப்படியே சட்டமாகியிருந்தால் கோடிக்கு மேற்பட்ட ஓய்வூதியக்காரர் அதற்குள் வந்திருப்பார்கள். 2024 மே மாதத்தில் தேர்தல் அறிவிக்கப்பட்டு பாராளுமன்றம் கலைந்தபோது அந்தச் சட்டமூலமும் செத்துப்போனது. பிறகு வந்த லேபர் அரசாங்கம் 2025 ஜனவரியில் வேறொன்றைக் கொண்டுவந்தது. அரச அமைப்புகளிடம் நடக்கும் மோசடி, தவறு, பணமீட்பு பற்றிய அந்தச் சட்டமூலம் 2025 டிசம்பரில் சட்டமானது. இதில் வங்கித் தகவல் அதிகாரம் மூன்று கொடுப்பனவுகளுக்குத்தான் பொருந்தும்: வேலை செய்யும் வயதினரில் வருமானம் குறைந்தவர்களுக்கான யூனிவர்சல் கிரெடிட், வேலை செய்ய முடியாதவர்களுக்கான ஈ.எஸ்.ஏ., பென்சன் கிரெடிட். அரச ஓய்வூதியம் வெளியே விடப்பட்டிருக்கிறது. அரச ஓய்வூதியம் மட்டும் எடுக்கும் ஒருவரின் கணக்கு, அந்தக் காரணத்துக்காக இந்தத் தேடலுக்குள் வராது. உங்கள் அம்மா பென்சன் கிரெடிட் எடுப்பதால் அவருடைய கணக்கு வரும். நாடு முழுவதும் அவரைப்போல ஏறத்தாழ 14 இலட்சம் பேர் இருக்கிறார்கள்.

வருவது எப்படி? வேலை, ஓய்வூதியத் திணைக்களத்தில், அதாவது நாங்கள் டி.டபிள்யூ.பி. என்று சொல்வதில், ஒரு அலுவலர் கணினியைத் திறந்து அம்மா வாங்கின மரக்கறிக் கணக்கைப் பார்ப்பார் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி எழுதப்படவில்லை. திணைக்களம் வங்கிக்கு ஒரு அறிவித்தல் அனுப்பும். இந்தக் கொடுப்பனவு விழுகிற கணக்குகளில் இன்ன அடையாளம் தெரிகிறவற்றைத் தேடித் தா என்று அதில் இருக்கும். அரசாங்கம் திரும்பத் திரும்பச் சொல்லும் அடையாளங்கள் இரண்டு: அனுமதித்த அளவுக்கு மேற்பட்ட சேமிப்பு, அனுமதித்த காலத்துக்கு மேல் வெளிநாட்டில் இருப்பது போன்ற தடயம். வங்கி தன் கணக்குகளைச் சல்லடையில் போட்டு அரிக்கும். தட்டுப்படும் கணக்கின் இலக்கம், அதற்குரியவரின் பெயர், பிறந்த திகதி, எந்த அடையாளத்தில் தட்டுப்பட்டது என்ற விபரம் ஆகியவை திணைக்களத்துக்குப் போகும். எந்தக் கடையில் செலவழித்தார், எந்தக் கோயிலுக்கு அனுப்பினார், யார் அவருக்குக் காசு போட்டார் என்ற விபரங்களை வங்கி கொடுக்கக் கூடாது. சமயம், உடல்நலம் போன்றவற்றைக் காட்டும் தகவலுக்கும் தடை உண்டு. சுயாதீனமான ஒருவர் ஒவ்வொரு வருடமும் இந்த அதிகாரம் எப்படிப் பாவிக்கப்பட்டது என்று அறிக்கை தரவேண்டும். இவ்வளவும் சட்டத்தில் எழுதப்பட்டவை, சந்தேகம் இல்லை.

அதேநேரம், இது சின்ன விஷயம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இந்த நாட்டில் வங்கி இரகசியம் என்பது 1924இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த டூர்னியர் வழக்கிலிருந்து வருகிறது. ஒரு சாதாரண மனிதருக்கு வங்கியில் சில பவுண்ட் கடன். அவர் பந்தயக்காரரிடம் காசு கட்டுகிறார் என்று வங்கி முகாமையாளர் அவருடைய முதலாளியிடமே தொலைபேசியில் சொல்லிவிட்டார். வேலை போனது. வாடிக்கையாளரின் கணக்கு விபரத்தைக் காப்பது வங்கியின் சட்டக் கடமை என்று நீதிபதிகள் சொன்னார்கள். சட்டம் கட்டாயப்படுத்தினால் கொடுக்கலாம் என்பது அதற்கு வைத்த விதிவிலக்குகளில் ஒன்று. அந்த வாசல் வழியாகத்தான் எல்லா அதிகாரங்களும் உள்ளே வருகின்றன. 2001ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்துக்குப் பிறகு டி.டபிள்யூ.பி. வங்கியிடம் ஒருவரின் விபரத்தைக் கேட்கலாம், ஆனால் அந்த ஆள் மோசடி செய்கிறார் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். முதலில் ஆள்மேல் சந்தேகம், பிறகு கணக்கைத் தேடுதல் என்ற ஒழுங்கு இருந்தது. புதிய சட்டம் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறது. முதலில் எல்லாக் கணக்கும் தேடப்படும், பிறகுதான் ஆள் வெளியே வருவார். எந்தத் தவறும் செய்யாத 14 இலட்சம் முதியவர்களின் கணக்கு, ஏழைகளாக இருப்பதால் மட்டுமே அரிக்கப்படுகிறது. கோடீஸ்வரர் ஒருவரின் வரியை இப்படி அரிக்க இந்தச் சட்டம் இடம் தரவில்லை. இது என் அபிப்பிராயம். உண்மையான மோசடியால் நட்டப்படுவதும் ஏழைகளுக்குரிய காசுதான் என்று மறுபக்கம் சொல்பவர்களை மதிக்கிறேன், ஆனாலும் என் நினைப்பு மாறவில்லை.

இனி அந்த 16,000க்கு வருவோம், நித்திரையைக் கெடுத்தது அதுதானே. 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் கொடுப்பனவு முழுவதும் நிற்பது யூனிவர்சல் கிரெடிட்டில். பென்சன் கிரெடிட்டில் மேல் எல்லையே இல்லை. முதல் 10,000 பவுண்டைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதற்கு மேலே ஒவ்வொரு 500 பவுண்டுக்கும், 500இன் ஒரு பகுதிக்கும்கூட, கிழமைக்கு 1 பவுண்ட் வருமானம் வருவதாக எடுத்துக்கொள்வார்கள். 17,000 முழுவதும் அம்மாவுடையது என்றால் மேலதிகம் 7,000, அதாவது கிழமைக்கு 14 பவுண்ட் குறையும். தம்பியின் 6,000 அம்மாவுடையது அல்ல என்று காட்ட முடிந்தால் மேலதிகம் 1,000, கிழமைக்கு 2 பவுண்ட். இவ்வளவுதான். இந்த 2 பவுண்டுக்காகத்தான் அவர் இரவில் எழும்பி இருக்கிறார் என்று நினைக்கும்போது, அந்தக் குரல்பதிவை அனுப்பியவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு இடத்தில் மட்டும் 16,000 பென்சன்காரருக்கும் முக்கியம். வாடகை வீட்டில் இருந்து ஹவுசிங் பெனிஃபிட் எடுப்பவர்களுக்கு அந்த எல்லை உண்டு. ஆனால் பென்சன் கிரெடிட்டில் கேரண்டி கிரெடிட் (Guarantee Credit) என்ற பகுதி ஒரு சிறு தொகையாவது வந்துகொண்டிருந்தால் அந்த எல்லை அவர்களுக்குப் பார்க்கப்படாது. ஆகவே சேமிப்புக் கணக்கில் தவறு நடந்து அந்தக் கடைசி ஒன்றிரண்டு பவுண்டும் நின்றுபோனால், பின்னாலே வாடகை உதவி, கவுன்சில் வரிக் கழிவு, 75 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் இலவச தொலைக்காட்சி உரிமம் என்று எல்லாம் வரிசையாக விழும். அம்மா உங்கள் வீட்டில் இருப்பதால் வாடகைப் பிரச்சினை இல்லை. தனியாக இருக்கும் முதியவர்களின் பிள்ளைகள் இதை வாசித்தால் கவனிக்கட்டும்.

தம்பியின் சீட்டுக் காசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் அம்மாவின் கணக்கு என்பது அம்மாவுடையது மட்டும் அல்ல. மகன் கடை எடுக்கச் சேர்க்கும் காசு, மருமகளுக்குத் தெரியாமல் வைத்த காசு, சீட்டு, ஊரில் யாருக்கோ அனுப்பக் கொடுத்துவைத்த காசு எல்லாம் அதற்குள் இருக்கும். வங்கியின் சல்லடைக்கு இது தெரியாது. 17,000 என்ற ஒரு எண்ணைத்தான் அது காணும். சட்டத்துக்கு இது தெரியும். ஒருவருக்காக இன்னொருவர் வைத்திருக்கும் காசு, வைத்திருப்பவரின் மூலதனம் ஆகாது. ஆனால் அதைக் காட்ட வேண்டிய பாரம் எங்கள் மேல் விழுகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மாவின் கணக்கில் இருந்த 11,000 பவுண்ட் மகளின் சீட்டுக் காசு என்று வாதாடினோம். எங்களைக் காப்பாற்றியது ஒரு சீட்டுக் கொப்பி. யார் எந்த மாதம் எவ்வளவு கட்டினார், எந்தத் திகதியில் யார் எடுத்தார் என்று சீட்டுப் பிடித்த அக்கா நீல மையில் எழுதி வைத்திருந்தார். அதையும், மகளின் கணக்கிலிருந்து மாதாமாதம் காசு வெளியே போன கூற்றுகளையும் சேர்த்து மொழிபெயர்த்துக் கொடுத்தோம். ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் தம்பியிடம் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். வாட்ஸ்அப் செய்திகள் இருந்தாலும் அழிக்க வேண்டாம். இருவர் பெயரில் இருக்கும் கணக்கு என்றால் பொதுவாகச் சமபங்காகப் பிரிப்பார்கள், அதிலும் உண்மை வேறு என்றால் ஆதாரம் வேண்டும்.

இப்போது, ஏன் அசைக்க வேண்டாம் என்றேன்? கொடுப்பனவைக் கூட்டுவதற்காகவோ காப்பதற்காகவோ ஒருவர் தன் காசைப் பிறருக்குக் கொடுத்தால், அந்தக் காசு இன்னும் அவரிடம் இருப்பதாகவே கணக்கெடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இதற்கு இத்தனை வருடம் என்ற எல்லையும் இல்லை. கடன் அடைத்தது, நியாயமான தேவைக்குப் பொருள் வாங்கியது இதில் சேராது. என்னிடம் வந்த ஒரு ஐயாவுக்கு 13,000 பவுண்ட் சேமிப்பு இருந்தது. வானொலியில் ஏதோ கேட்டுப் பயந்து, மூன்று கிழமைக்குள் 8,000ஐ எடுத்து மகனிடம் கொடுத்துவிட்டார். அந்தக் காசு இருந்திருந்தால் கிழமைக்கு 6 பவுண்ட் மட்டும் குறைந்திருக்கும், வேறொன்றும் நடந்திராது. எடுத்ததால்தான் கேள்வி வந்தது. ஏழு மாதம் கடிதமும் தொலைபேசியுமாக அலைந்தார். மகனோடு பேச்சும் நின்றது. உங்கள் கணக்குக்கு மாற்றினால் உங்களுக்கும் இதே கேள்வி வரும். வீட்டில் வைத்தால் திருட்டுப் பயம் வேறு. தம்பியின் 6,000 தம்பியுடையதுதான் என்றால், ஆதாரங்களைப் பிரதி எடுத்து வைத்து, இருப்பதை இருப்பதாகத் திணைக்களத்துக்குச் சொன்ன பிறகு, அதைத் தம்பியின் கணக்குக்கே திருப்பி அனுப்பலாம். ஒழுங்கு முக்கியம். முதலில் சொல்வது, பிறகு அனுப்புவது.

வெளிநாட்டில் இருப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் என் மேசைக்கு இந்த விஷயத்தில் வருபவர்கள் சேமிப்புக்காக வருபவர்களைவிட அதிகம். குளிருக்கு ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவது எங்கள் பெரியவர்களுக்கு ஒரு ஆறுதல். பென்சன் கிரெடிட்டில் நாட்டைவிட்டு வெளியே இருக்க அனுமதி 4 கிழமை. வாழ்க்கைத்துணையோ பிள்ளையோ நெருங்கிய உறவினரோ இறந்தால் 8 கிழமை வரை. வைத்தியத்துக்காக என்றால் 26 கிழமை வரை. போகும்போதே 4 கிழமைக்கு மேல் என்று திட்டமிட்டால், புறப்பட்ட நாளிலிருந்தே உரிமை நின்றுவிடும். முதல் நாலு கிழமைக்கு வரும், பிறகுதான் நிற்கும் என்று நினைப்பது பிழை. அரச ஓய்வூதியம் இதனால் நிற்காது. யாழ்ப்பாணத்தில் வங்கி அட்டையைப் போட்டுக் காசு எடுக்கும் தடயம் இனி ஒரு அடையாளமாகப் பார்க்கப்படலாம். போகுமுன் திகதிகளைச் சொல்லிவிட்டுப் போங்கள், விமானச் சீட்டையும் கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கத்தையும் வைத்திருங்கள். 2025இல் வரித் திணைக்களம் பயணத் தரவை நம்பி ஏறத்தாழ 23,500 குடும்பங்களின் சைல்ட் பெனிஃபிட்டை, அதாவது பிள்ளைகளுக்கான கொடுப்பனவை, நிறுத்தியது. விடுமுறைக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் பலருக்கு, போனது பதிவில் இருந்தது, வந்தது இல்லை. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். அந்த நாட்களில் கடவுச்சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பெற்றோர்கள்தான்.

ஊரில் காணியோ வீடோ இருந்தால் அதுவும் மூலதனம்தான், வங்கியில் தெரியாவிட்டாலும் சொல்ல வேண்டியது. அங்கே விற்றால் என்ன விலை போகும் என்பதே மதிப்பு. அந்த வீட்டில் ஓய்வூதிய வயதைத் தாண்டிய நெருங்கிய உறவினர் குடியிருந்தால் அது கணக்கில் சேராது. வலிகாமம் வடக்கில் 1990க்குப் பிறகு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் சிக்கின காணி என்றால், கால் வைக்க முடியாத நிலத்துக்கு யார் விலை கொடுப்பார் என்று வாதிட இடமிருக்கிறது. நான் வாதிட்டும் இருக்கிறேன். அம்மாவின் தாலிக்கொடியும் காப்பும் சொந்தப் பாவனைப் பொருட்கள், அவற்றைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

சரி, ஒருநாள் கடிதம் வந்தால்? சல்லடையில் தட்டுப்பட்டது என்பது குற்றம் செய்தார் என்பதல்ல. கொடுப்பனவை மாற்றும் முடிவை ஒரு மனிதர் பார்த்துத்தான் எடுப்பார் என்று அரசாங்கம் பாராளுமன்றத்தில் உறுதி சொல்லியிருக்கிறது. கடிதம் விளக்கம் கேட்டால், குறித்த திகதிக்குள் விளக்கம் கொடுங்கள். காசு குறைந்தாலோ நின்றாலோ ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதுவும் சரிவராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் சுயாதீனமான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தீர்ப்பாயத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டுப் பெறலாம், அதற்குக் காசு இல்லை. பழைய மிகைக் கொடுப்பனவைத் திருப்பிக் கேட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள். யூனிவர்சல் கிரெடிட்டில் திணைக்களத்தின் சொந்தப் பிழையால் கூடுதலாக வந்ததையும் திருப்பிக் கேட்கலாம். பென்சன் கிரெடிட்டில் அப்படி இல்லை. நீங்கள் பிழையாகச் சொல்லியிருந்தாலோ, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருந்தாலோதான் சட்டப்படி மீட்கலாம். சேமிப்பு விபரத்தை அம்மா சொல்லியும் அவர்கள் பதியாமல் விட்டிருந்தால், அதை எதிர்க்கலாம். மிகையைக் கணக்கிடும்போது, சரியான தொகை மட்டும் வந்திருந்தால் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழித்திருப்பார் என்று வைத்து, 13 கிழமைக்கு ஒருமுறை சேமிப்பை அந்த மிகை அளவு குறைத்துக் கணக்கிட வேண்டும் என்ற விதியும் உண்டு. அது அம்மாவுக்குச் சாதகமானது. செய்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கணக்கிலிருந்து நேரே காசை இழுக்கும் அதிகாரமும் புதிய சட்டத்தில் இருக்கிறது. அது கொடுப்பனவிலோ சம்பளத்திலோ கழிக்க வழியில்லாத, கட்ட வசதி இருந்தும் கட்டாத கடன்காரருக்கானது. கொடுப்பனவு எடுத்துக்கொண்டிருக்கும் அம்மா அந்த வகையில் வரமாட்டார்.

எச்சரிக்கையின் கீழ் நேர்காணல் என்று கடிதம் வந்தால் மட்டும் தனியாகப் போக விடாதீர்கள். அது குற்றவியல் விஷயம், என்னைப் போன்றவர்கள் கைவைக்கக் கூடாத இடம். சட்டத்தரணி இல்லாமல், சரியான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாய் திறக்க வேண்டாம். மகளோ மருமகனோ மொழிபெயர்ப்பது போதாது. "ஓம், ஓம்" என்று தலையாட்டுவது எங்கள் பெரியவர்களின் மரியாதை. அங்கே அது ஒப்புதலாக எழுதப்படும்.

சட்டத்தில் எழுதப்பட்டதை இதுவரை சொன்னேன். நடைமுறை வேறு கதை. 2026இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, சில வங்கிகளோடு பரீட்சித்துப் பார்த்து விரிப்போம் என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. உங்கள் அம்மாவின் வங்கி எப்போது அரிக்கும், எத்தனை பேர் பிழையாகத் தட்டுப்படுவார்கள், அலுவலர் ஒருவர் பார்ப்பார் என்ற உறுதி வேலைப்பளுவுக்குள் எவ்வளவு நிலைக்கும் என்பதெல்லாம் நடந்து பார்த்துத்தான் தெரியும். எனக்குப் பயம் இருப்பது இந்த இடத்தில். காசு குறைகிறது என்று பிழையாகக் கணக்குக் காட்டிய தபால் கந்தோரின் ஹொரைசன் கணினியை நம்பி, கிளைத் தபால் கந்தோர் நடத்தியவர்கள் 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். அவர்களில் எங்கள் தெற்காசிய ஆட்கள் எத்தனையோ பேர். அந்தத் தீர்ப்புகளை அழிக்க 2024இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. அவுஸ்திரேலியாவில் ரோபோடெட் என்று கணினிக் கணக்கை வைத்து ஏழைகளிடம் இல்லாத கடனைக் கேட்டார்கள், பிறகு விசாரணை ஆணைக்குழு வைத்தார்கள். எண் பிழைக்காது என்று நினைக்கும் அலுவலகத்தோடு வாதாடுவது 74 வயதில் இலகுவான வேலை இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது சட்டம் இல்லை. அம்மாவின் பயத்தை அறியாமை என்று நினைக்காதீர்கள். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர்களைக் கண்ட தலைமுறை அது. அரசாங்கத்திடம் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறது என்றால் அடுத்து என்ன வரும் என்பதை அவர்கள் உடம்பால் அறிந்தவர்கள். "குற்றம் செய்யாவிட்டால் ஏன் பயம்" என்று இங்கே பிறந்தவர்கள் கேட்கும் கேள்வி அவர்களுக்குப் பதிலாகாது. நான் பெரியவர்களிடம் வேறு மாதிரிச் சொல்வேன். அம்மா, இங்கே அவர்கள் எழுதினால் நாங்கள் திருப்பி எழுதலாம், தீர்ப்பாயத்தில் அவர்களைக் கேள்வி கேட்கலாம், வெல்லவும் வெல்கிறோம். உங்கள் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று வங்கியிடமும் திணைக்களத்திடமும் எழுத்தில் கேட்கும் உரிமையும் உண்டு. காசு கட்டாமல் கேட்கலாம், ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அவரோடு உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதிப் பாருங்கள். பார்க்கப்படுகிறவராக மட்டும் இல்லாமல் கேள்வி கேட்கிறவராகவும் இருப்பது அவர்களுக்கு ஒரு தெம்பு.

இந்தப் பயத்தைக் கள்ளரும் மோப்பம் பிடித்துவிட்டார்கள். "உங்கள் கணக்கு டி.டபிள்யூ.பி. சோதனையில் இருக்கிறது, காசைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றுங்கள்" என்று யாராவது தொலைபேசியில் எடுத்தால் அது பொய். இந்தத் தேடலுக்காகத் திணைக்களம் அம்மாவை அழைத்து அட்டை இலக்கமோ கடவுச்சொல்லோ கேட்காது. வைத்துவிட்டு 159ஐ அழுத்தச் சொல்லுங்கள், பெரும்பாலான வங்கிகளுக்கு அது நேரே போகும். அம்மாவின் தொலைபேசிக்குப் பக்கத்தில் அந்த மூன்று எண்களைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பென்சன் கிரெடிட்டையே விட்டுவிடலாமா என்று அம்மா கேட்டால், வேண்டாம். தகுதி இருந்தும் எடுக்காமல் இருப்பவர்கள் இந்த நாட்டில் பல இலட்சம், இந்தச் சட்டத்தால் இன்னும் கூடுவார்கள் என்பதுதான் என் பெரிய கவலை. அவருக்கு உடம்புக்கு உதவி தேவைப்பட்டால் அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் பற்றியும் பாருங்கள். அதற்குச் சேமிப்பு பார்ப்பதில்லை, கிடைத்தால் சிலருக்குப் பென்சன் கிரெடிட் கூடவும் இடமுண்டு.

இப்போது செய்ய வேண்டியது: கடைசியாக வந்த பென்சன் கிரெடிட் தீர்மானக் கடிதத்தை எடுத்து, அதில் அம்மாவின் சேமிப்பு எவ்வளவு என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 17,000 என்று ஏற்கனவே இருந்தால் அம்மா இன்றைக்கே நிம்மதியாகப் படுக்கலாம். அதைவிடக் குறைவாக இருந்தால், தம்பியின் காசு எந்த மாதம் கணக்கில் விழுந்தது என்று கூற்றில் பார்த்து, அந்தத் திகதியையும் கடிதத்தில் உள்ள எண்ணையும், பெயரும் கணக்கு இலக்கமும் இல்லாமல், இங்கே எழுதுங்கள். திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தின் வாசகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறேன்.